மூன்றாம் தட்டு வரைக்கும்

எங்கள் வீட்டுக் கதவை இதுவரை யாரும் தட்டியதில்லை. தட்டுவதற்கு நாங்கள் விட்டால்தானே! வாசலில் ஆள் நிழல் தெரிந்தாலே அண்ணன் கதவைத் திறந்துகொண்டு நிற்பான். கிரவீன் புறநகரில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். மின்சாரக் கம்பெனியை மாற்றச் சொல்லி வருகிறவர்கள் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். ஒரே வருடத்தில் நான்கு முறை கம்பெனி மாறியிருக்கிறோம். வேதம் சொல்ல வருகிற இரண்டு பேருக்கு எங்கள் வீட்டில் தேத்தண்ணீரும் வடையும் நிச்சயம். தூசி உறிஞ்சும் மெஷின் மூன்று இருக்கிறது, வீட்டில் விரித்திருக்கிற கம்பளம் ஒன்றுதான். என் கணவர் பஸ் ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்து புது மெஷினைப் பார்த்தால் நேரே குசினிக்குள் போய்ச் சோற்றுச் சட்டியைத் திறப்பார்.

அண்ணன் எங்களோடுதான் இருக்கிறான். கல்யாணம் கட்டவில்லை. என்னைவிட இரண்டே வயது மூப்பு, அதனால் சின்ன வயதிலிருந்தே எனக்கு அவன் 'அவன்'தான். இடது காது அவனுக்குக் கேட்காது. வலது காதிலும் பாதிதான். அதனால் முன் ஜன்னலோரம் ஒரு கதிரையைப் போட்டுத் தெருவைப் பார்த்தபடி இருப்பான். சத்தம் கேட்காதவனுக்குக் கண்தான் காது. நான் வேலையால் வரும்போது படியில் கால் வைக்குமுன் கதவு திறந்துவிடும். அதனால் நான் வீட்டுச் சாவி கொண்டுபோவதே இல்லை. என்னுடைய சாவி எந்த மேசை லாச்சிக்குள் கிடக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட வீட்டுக்காரியைப் பிடித்து, ஒரு கதவைச் சாத்திக்கொண்டு நில் என்று சொன்னால் என்ன ஆகும்? சொன்னார்கள். அதுவும் சும்மா கதவில்லை.

பதினான்கு வருடம் முதியோர் இல்லமொன்றில் சமையலறை வேலை செய்தேன். முழங்கால் இனி முடியாது என்றதும், மகள் கணினியில் தேடி ஒரு விண்ணப்பம் போட்டாள். மாநிலப் பாராளுமன்றத்தில் சபை உதவியாளர் வேலை. தாள்கள் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், தண்ணீர்க் கிளாஸ் வைக்கவேண்டும், வருகிறவர்களுக்கு வழி காட்டவேண்டும், கதவுகளில் நிற்கவேண்டும். கிடைக்காது என்று நினைத்துத்தான் நேர்முகத்துக்குப் போனேன். கிடைத்துவிட்டது! ஆறு மாதம் தற்காலிகம், பிறகு அவர்கள் எழுதும் அறிக்கையைப் பார்த்து நிரந்தரம். ஐம்பத்தாறு வயதில் எனக்கு ஒரு கறுப்புக் கோட்டும் சட்டைப்பையில் குத்துகிற அட்டையும் தந்தார்கள். முதல் நாள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ரயிலில் போனபோது, பக்கத்தில் இருந்தவரின் காலை மிதித்துவிட்டுக்கூட மன்னிப்புக் கேட்க மறந்துபோனேன். சந்தோஷத்தில் அவ்வளவு புழுகம்.

என் மேற்பார்வையாளர் முப்பத்திரண்டு வயதுப் பெண். அவளுக்குப் பொறுமை என்றால் அப்படியொரு பொறுமை, எனக்கு அதற்கு நேர்மாறு. ஐந்தாவது மாதம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, புதிய கூட்டத்தொடர் தொடங்கும் நாளில் கீழ்ச்சபைக் கதவு என்னுடையது என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கவர்னர் வரும் நாள் அது. பட்டாளம் அணிவகுத்து நிற்கும், வாத்தியம் வாசிக்கும், இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள். மகள் மெல்பேர்னில் படிக்கிறாள், அவளும் பார்க்கலாம். அண்ணன் வீட்டில் இருந்தபடி பார்க்கலாம்.

நடைமுறை இதுதான். கவர்னர் மேல்சபையில் வந்து அமர்ந்து உரை வாசிப்பார். அதைக் கேட்க வரும்படி கீழ்ச்சபை உறுப்பினர்களுக்கு ஆள் அனுப்புவார். அந்த ஆள் கையில் ஒரு கறுப்புக் கோலோடு நடைபாதையால் வருவார். அவர் கிட்ட வரும்போது கீழ்ச்சபைக் கதவு சாத்தியிருக்கவேண்டும். அவர் கோலின் அடியால் மூன்று தரம் தட்டவேண்டும். உள்ளேயிருந்து சபாநாயகர் தலையசைத்து, சபைக் காவல் அதிகாரி எனக்குக் கை காட்டினால்தான் நான் திறக்கலாம். அதுவரைக்கும் கவர்னரின் ஆள் வெளியில் நிற்கவேண்டியதுதான்.

'அட, இவ்வளவுதானா?' என்றுதான் நானும் நினைத்தேன். கதவைத் திறக்காமல் நிற்பதற்கு என்ன படிப்பு வேண்டும்?

ஒத்திகை நாள் வந்தது. கோல்காரர் ஆறடிக்கு மேல் உயரம், பளபளவென்று சப்பாத்து. கல்தரையில் டக், டக் என்று அந்தச் சப்பாத்துச் சத்தம் வந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்த கணம் கதவு ஆவென்று திறந்திருந்தது, நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி "ப்ளீஸ் கம் இன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தட்டுவதற்காக அவர் ஓங்கிய கோல் என் நெற்றிக்கு நான்கு விரல் தள்ளி அந்தரத்தில் நின்றது. எல்லாரும் சிரித்தார்கள். கோல்காரரும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்வது!

இரண்டாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சப்பாத்துச் சத்தம் வந்தது. பிடித்து நின்றேன். முதல் தட்டு விழுந்தது. என் கை என்னைக் கேட்கவில்லை. கைபிடி தானாகத் திரும்பியது போல இருந்தது. இந்த முறை யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குக் கூடுதல் அவமானம்.

மேற்பார்வையாளர் என்னைத் தனியே கூட்டிப்போனாள். "உங்களுக்குக் கதவு சரிவரவில்லையென்றால் சொல்லுங்கள். மேலே பார்வையாளர் மாடத்துக்கும் ஆள் தேவை. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், கதவில் நிற்கத் தெரிந்தவர்களைத்தான் இந்த வேலையில் நிரந்தரமாக எடுக்கிறோம். திங்கட்கிழமை கடைசி ஒத்திகை. அன்றைக்கும் சரிவராவிட்டால் நான் வேறு ஆளைப் போடவேண்டிவரும்" என்றாள்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். "கவர்னர் அனுப்பின ஆள் வருகிறார். அவருடைய முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது மரியாதையா? எங்கள் ஊரில் பரம விரோதி வந்தாலும் அப்படிச் செய்யமாட்டோம்" என்று ஒரு பாட்டம் பொரிந்து தள்ளினேன்.

அவள் கோபிக்கவில்லை. "இது அவமரியாதை இல்லை, நினைவூட்டல்" என்றாள். பிறகு கதையைச் சொன்னாள். பல நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு ராசா பட்டாளத்தைக் கூட்டிக்கொண்டு கீழ்ச்சபைக்குள் நுழைந்தானாம். சபை உறுப்பினர்கள் ஐந்து பேரைப் பிடித்துக்கொண்டுபோக. முன்னமே செய்தி கிடைத்ததில் அவர்கள் தப்பிவிட்டார்களாம். அன்றைக்குப் பிறகு எந்த ராசாவும் அந்தச் சபைக்குள் காலடி வைத்ததில்லை. அவனுடைய ஆள் வந்தாலும் கதவைச் சாத்தித் தட்டவைத்துத்தான் உள்ளே விடுவார்கள். இது சனங்களின் வீடு, திறப்பதா இல்லையா என்பதை உள்ளே இருப்பவர்கள்தான் தீர்மானிப்பார்கள். அதுதான் விஷயம்.

கண்ணாடிப் பெட்டிகளைத் துடைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு அங்கிருந்து போய்விட்டேன்.

கண்ணாடிப் பெட்டிகள் உண்மையாகவே இருந்தன. தொடக்க நாளுக்காக நடைபாதையில் பழைய புத்தகங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். இது வெள்ளைக்காரரின் குடியேற்றநாடாக இருந்த காலத்தில் அப்போதைய கவர்னர்கள் சட்டசபையைத் தொடக்கிவைத்து வாசித்த உரைகள். நல்ல வளமான ஒரு வருடத்து உரை ஒரு பெட்டிக்குள் விரித்திருந்தது. கண்ணாடியைத் துடைத்தபடி எழுத்துக்கூட்டி வாசித்தேன். மழை வேண்டியமட்டும் பெய்திருக்கிறதாம், விளைச்சல் நன்றாம், கம்பளிக்கு நல்ல விலையாம், ரயில் பாதை நீண்டுகொண்டே போகிறதாம், எல்லாம் ஆண்டவன் கிருபையாம். வயல் இருந்தது, ஆடு இருந்தது, பொன் இருந்தது, அந்த நிலத்துக்குரிய ஆதிச் சனம் மட்டும் ஒரு வரியிலும் இல்லை. அவர்களின் கதவை யாராவது தட்டிக் கேட்டுவிட்டு வந்தார்களா என்றால், அதுவும் இல்லை. ஆனாலும் அவ்வளவு செழிப்பான காலத்திலும், அவ்வளவு புகழ்ச்சியோடு கவர்னர் வந்து காத்திருந்தபோதும், இதே கீழ்ச்சபைக்காரர்கள் கதவைச் சாத்தித்தான் வைத்திருந்திருக்கிறார்கள். துணியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே யோசித்தபடி நின்றேன்.

என் கை ஏன் என்னைக் கேட்கவில்லை என்பதை இப்போது சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏதோ விசரி என்று நினைப்பீர்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கதவு பகலில் பூட்டப்படுவதில்லை. அது எங்களைப் பெற்ற ஐயாவின் கட்டளை. சுற்றிவளைப்புக் காலம் அது. சீருடையும் துவக்குமாக வருகிறவர்கள் ஒழுங்கை முழுவதையும் வளைத்து வீடு வீடாகப் பார்ப்பார்கள். அவர்கள் உடுத்தியிருந்த நிறம் காலத்துக்குக் காலம் மாறியது, கதவில் தட்டும் விதம் மாறவில்லை. சப்பாத்துச் சத்தம் கேட்டாலே திறந்துவிடவேண்டும், தட்டவிடக்கூடாது, யாரென்று அறிய 'ஆர்?' என்று கேட்கவே கூடாது என்பார் ஐயா. கேட்டால் அது திமிர். திறந்து, சிரித்து, உள்ளே வாங்கோ என்று சொல்லவேண்டும். சிரிக்கவும் பழக்கினார். பதின்மூன்று வயதிலிருந்து எனக்கு அந்தச் சிரிப்புத் தெரியும்.

எனக்குப் பதினேழு வயது. ஒரு வெள்ளிக்கிழமை காலை தலைக்குத் தோய்ந்துவிட்டு வந்து, உடுப்பு மாற்றுவதற்காக நான்தான் முன்கதவில் தாழ்ப்பாளாக இருந்த திறாங்கைப் போட்டேன். ஐயா கிணற்றடியில், அம்மா குசினிக்குள். சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஈரத் தலையோடு ஓடிவந்தேன். திறாங்கு இறுகிப்போயிருந்தது. முதல் தட்டு. இழுத்தேன், வரவில்லை. இரண்டாவது தட்டு. மூன்றாவது தட்டாக வரவில்லை, உதையாக வந்தது. கதவு என்னோடு சேர்ந்து உள்ளே விழுந்தது. கதவைப் பூட்டி எதை மறைத்தீர்கள் என்று கேட்டு, படித்துக்கொண்டிருந்த அண்ணனைக் கொண்டுபோனார்கள்.

பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்தான். வந்தானே, அது போதும். எத்தனையோ வீட்டில் வரவில்லை. ஆனால் இடது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். அன்றிலிருந்து இன்றுவரை அதைப்பற்றி அவன் எனக்கு ஒரு சொல் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அந்தத் திறாங்கைப் போட்டது நான்தான் என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நாங்கள் இருந்த எந்த வீட்டிலும், எந்த நாட்டிலும், ஒருவரையும் தட்டவிட்டதில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். வழமைபோலப் படியில் கால் வைக்குமுன் கதவு திறந்தது.

"என்ன, முகம் கறுத்துப்போய்க் கிடக்கு?" என்றான் அண்ணன்.

தேத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்து அவனுடைய வலது பக்கமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ராசா பட்டாளத்தோடு வந்ததை, ஐந்து பேரைப் பிடிக்கப் பார்த்ததை, அதனால் கதவைச் சாத்துகிறதை.

"ராசான்ர ஆளையே வெளியில நிக்கவைப்பினமோ?" என்றான்.

"ஓம் அண்ணை."

"பிறகு உடைக்கமாட்டினமோ?"

அவன் அதைப் பகிடிக்குக் கேட்கவில்லை.

"இல்லை. தட்டிப்போட்டு நிப்பினம்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"நாங்கள் திறக்குமட்டும்."

அவன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேத்தண்ணீர் ஆறிப் பாலாடை படிந்துவிட்டது. பிறகு என்னைப் பார்க்காமலே, "அப்ப நீ திறவாதை" என்றான்.

அந்த நேரத்தில்தான் இந்தக் கதவு எனக்கு வேலைக்காக மட்டும் இல்லை என்பது தெரிந்தது. நிரந்தரம் கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் வேறு வேலை பார்க்கலாம். ஆனால் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு, தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஒன்றும் ஆகாமல் ஒரு தரமாவது நான் நிற்கவேண்டும். அதை அவன் பார்க்கவேண்டும்.

மறுநாளே பயிற்சி தொடங்கிவிட்டேன். எங்கள் கட்டட வாசலில் பைகளைப் பரிசோதிக்கிற பிரிவில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் இருக்கிறார். நாற்பது வயது, வாய் ஓயாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரைக் கதிரைகள் அடுக்கிவைக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய், கூட்டுகிற தும்புத்தடியைக் கையில் கொடுத்து, "தம்பி, நீங்கள் வெளியில நிண்டு மூண்டு தரம் தட்டுங்கோ. நான் உள்ளுக்கு நிப்பன்" என்றேன்.

"என்னக்கா இது, விளையாட்டா?"

"விளையாட்டில்லை, என்ரை வேலை. தட்டுங்கோ."

தட்டினார். திறந்துவிட்டேன்.

"அக்கா! இன்னும் ரெண்டு தட்டு பாக்கி இருக்கு! சாத்துங்க, சாத்துங்க."

மறுபடி தட்டினார். மறுபடி திறந்தேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஆமா, நீங்க எங்க வீட்டுக்கு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். எங்க வீட்டுக்காரம்மா நான் அஞ்சு தடவை பெல் அடிச்சாலும் திறக்கமாட்டா" என்றார்.

கதவைப் பிடிக்காதீர்கள், கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னவர் அவர்தான். அதையும் செய்துபார்த்தேன். கையைக் கட்டினால் கால் கதவை நோக்கி நகர்ந்தது. மூன்றாம் நாள், தட்டு விழுந்ததும் எனக்கே தெரியாமல் என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது.

"ஆர்?"

வெளியிலிருந்து அவர், "நான்தான்க்கா! வேற யாரு?" என்றார்.

கால் நின்ற இடத்திலேயே நின்றது. ஐயோ, இவ்வளவுதானா! நாற்பது வருடமாகக் கேட்காத ஒரு கேள்வி. இரண்டாவது தட்டுக்கும் "ஆர்?" என்றேன். மூன்றாவதுக்கும் "ஆர்?" என்றேன். "இந்த வாரம் முழுக்க நான்தான்க்கா, சீக்கிரம் திறங்க, சாப்பாடு ஆறுது" என்று அவர் கத்தினார். நான் அவசரப்படாமல் ஆறுதலாகத்தான் திறந்தேன். அவருடைய பொய்க் கோபத்தைப் பார்த்து எனக்கு வயிறு வலிக்கும்வரை சிரிப்பு வந்தது.

திங்கட்கிழமை ஒத்திகையில் மேற்பார்வையாளர் என் தோளில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். மனதுக்குள் மூன்று தரம் கேட்டேன். தாண்டிவிட்டேன். "நாளைக்கு நான் பக்கத்தில் நிற்கமுடியாது. நீங்கள் தனியாகத்தான் நிற்கவேண்டும்" என்றாள். அவள் முகத்திலும் பயம் இருந்தது, மறைக்கப் பார்த்தாள், சரிவரவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அதுவும் பின்னேரம் மூன்று மணிக்கு. இந்த நாட்டில் ஒருவருக்கும் ராகுகாலம் என்றால் என்னவென்று தெரியாது போல! ஒரு நல்ல காரியத்தைச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குத் தொடங்குவார்களா? முந்தின நாள் வேலை முடிந்த கையோடு மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போய் முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தும் மனம் ஆறவில்லை. அண்ணன்தான் கணக்குச் சொன்னான். "இஞ்சை வெயில் காலத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கினம். சூரியன்ர கணக்கில அது ரெண்டு மணிதான். ராகு வர இன்னும் நேரம் கிடக்கு. நீ பயப்பிடாமல் போட்டு வா."

காலையில் பாராளுமன்ற முற்றத்தில் ஆதிக்குடி மூப்பர் ஒருவர் இலைகளை மூட்டிப் புகை போட்டு எல்லாரையும் வரவேற்றார். அந்தப் புகைக்குள்ளால் நானும் நடந்தேன். பழைய உரையில் இல்லாத சனம் இப்போது வாசலில் நின்று மற்றவர்களை உள்ளே வாருங்கள் என்று கூப்பிடுவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. அதற்குப் பிறகு பட்டாளம் வந்து அணிவகுத்தது. சடங்குக்குத்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரே நேரத்தில் அத்தனை சப்பாத்தும் நிலத்தில் விழுந்தபோது என் கண் ஒரு கதவைத் தேடியது. மகளிடமிருந்து தொலைபேசியில் செய்தி வந்திருந்தது. 'அம்மா, ஜஸ்ட் டோன்ட் ஓப்பன் இட். லவ் யூ.'

மூன்று மணி ஆனது. கீழ்ச்சபை நிறைந்திருந்தது. நான் கதவைச் சாத்தினேன். பெரிய மரக் கதவு. அதற்கு இந்தப் பக்கம் நான், என் முதுகுக்குப் பின்னால் சபை முழுவதும். நடைபாதையில் டக், டக் என்று சத்தம் வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

முதல் தட்டு. 

ஆர்?

ஒத்திகையில் விழுந்ததைவிடப் பலமாக விழுந்தது. கதவு அதிர்ந்தது என் நெற்றியில் தெரிந்தது. ஈரத் தலையோடு ஓடிவந்த பதினேழு வயதுப் பிள்ளை எனக்குள்ளே திற, திற என்று கத்தினாள். 

இரண்டாவது தட்டு. 

ஆர்? பொறு. 

மூன்றாவது தட்டு.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. உதை வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. சபாநாயகர் வேண்டுமென்றே நேரம் எடுத்தாரா, கண்ணாடியைத் துடைத்தாரா, தெரியாது. கடைக்கண்ணில் தெரிந்த காவல் அதிகாரியின் கை உயரவில்லை. அரை நிமிடம் இருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மனிதர், கவர்னர் அனுப்பினவர், கோலோடும் சப்பாத்தோடும் சும்மா நின்றார். காத்துக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் நான் நின்றேன். கதவு உடையவில்லை. ஒருவரையும் கொண்டுபோகவில்லை.

அதிகாரியின் கை உயர்ந்தது. நான் திறந்தேன். சிரிக்கவில்லை. ஐயா பழக்கிய அந்தச் சிரிப்பு வரவே இல்லை. கோல்காரர் தலை வணங்கினார், எனக்கில்லை, சபைக்குத்தான். ஆனாலும் போகிறபோக்கில் ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

உறுப்பினர்கள் எல்லாரும் வரிசையாக மேல்சபைக்குப் போனபின், கவர்னரின் உரை ஒலிபெருக்கியில் எங்கள் பக்கமும் கேட்டது. இந்த முறையும் செழிப்பிலேதான் தொடங்கியது. வேலைவாய்ப்பு, புதிய ரயில் பாதை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று நீண்டது. வேறொரு நாளாக இருந்திருந்தால், வீட்டு வாடகைக்குத் தெரியாத செழிப்பா என்று முணுமுணுத்திருப்பேன். அன்றைக்கு எனக்கு எல்லாம் உண்மை போலவே கேட்டது. மேற்பார்வையாளர் வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "அறிக்கையை எழுதிவிட்டேன். இரண்டு வரிதான்" என்றாள். கோயம்புத்தூர்க்காரர் வாசலில் நின்று தும்புத்தடி பிடிப்பதுபோல் கையைத் தூக்கிக் காட்டினார். போடா என்று கை காட்டிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது ஆறு மணிக்கு மேலாகிவிட்டது. நல்ல வெயில் இன்னும் இருந்தது. வாசலுக்கு வந்தேன். படியில் கால் வைத்தேன். கதவு திறக்கவில்லை.

ஜன்னலைப் பார்த்தேன். கதிரை வெறுமையாக இருந்தது. என் கணவருக்கு அன்று பின்னேர வேலை, வீட்டில் அண்ணன் மட்டும்தான். விழுந்துகிழுந்துவிட்டானோ? நேரடி ஒளிபரப்பைப் பார்த்து ஏதும் ஆகிவிட்டதோ? பையைத் துழாவினேன், சாவி எங்கே இருக்கப்போகிறது! கையை மடக்கிக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் முறை. கதவின் மரம் அவ்வளவு கனம் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

சத்தமில்லை. அவனுக்குக் கேட்கவில்லையோ என்று இன்னும் பலமாகத் தட்டினேன். 

மூன்றாவது தரமும் தட்டினேன்.

கதவுக்கு மிக அருகில், உள்பக்கத்தில், கதிரை ஒன்று கிறீச்சிட்டது. அவன் கதவடியிலேயே கதிரையைப் போட்டு, வலது காதைக் கதவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"ஆர்?" என்றான்.

முப்பத்தொன்பது வருடமாக எங்கள் வீட்டுக் கதவில் ஒருவரும் கேட்காத கேள்வி. அவன் குரல் நடுங்கியது, ஆனால் கேட்டுவிட்டான். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பக்கத்து வீட்டுக்காரி தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான்தான் அண்ணை, தங்கச்சி" என்றேன்.

"பொறு" என்றான்.

நான் பொறுத்துக்கொண்டு நின்றேன்.